எலும்பும் எண்ணும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், திண்டுக்கல்லில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பித்து வாழும் ஒரு பள்ளியாசிரியரை எலும்பு முறிவைப்பற்றிப் பேசுமாறு பணித்திருக்கின்றீர்கள். இஃது உங்களுட் பலர்க்கு வியப்பாயிருக்கும்; எமக்கும் அவ்வாறே. மருத்துவம் யாம் கற்றிலேம். கணிதமும் பள்ளியிறுதி வகுப்போடு நின்றுவிட்டது. ஆயினும், இப்பணியை யாம் மறுக்காமைக்குக் காரணம் இரண்டு. அவற்றுள் ஒன்றை இப்பொழுதே கூறுவோம். மற்றொன்று தனக்குரிய இடத்தில் தானே வரும்.

சென்ற தைத் திங்களில் நம் கல்விநிதிக் குழு கூடியபொழுது, நம் மரபிற் பிறந்த பெண்ணொருத்தியின் விண்ணப்பம் வந்திருந்தது. பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, முனைவர் பட்டத்திற்கு ஆராயப் புகுந்தவள் அவள். கணினியினுள்ளே மனித எலும்பின் உருவை அமைத்து, அஃது எப்பக்கத்தில் எவ்வளவு பாரம் தாக்கினால் முறியும் என்று கணித்தறிவது அவளது ஆராய்ச்சிப் பொருள். மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை வேண்டுமென்று கேட்டிருந்தாள். குழுவிலிருந்த பெரியவர் ஒருவர் எம்மை நோக்கி, “பண்டிதரே! எலும்பு முறிந்தால் கட்டுவதற்கு வைத்தியர் இருக்கின்றார். கம்பி வைப்பதற்கு டாக்டர் இருக்கின்றார். முறியாத எலும்பைப் பெட்டிக்குள் முறித்துப் பார்ப்பதற்கு நம் பணமா? கலியாண மண்டபத்தின் கூரை ஒழுகுகின்றதே, அதைப் பாரும்” என்றார். குழுவினர் நகைத்தனர், யாமும் நகைத்தோம். பின்னர், இவ்வாராய்ச்சியால் விளையும் பயன் யாதென வினவியறிந்து, பொதுக்கூட்டத்தில் யாவர்க்கும் விளங்கக் கூறும் கடமை எம்மிடம் விடப்பட்டது.

அப்பெண் ஆறாம் வகுப்பு முதல் எம்மிடம் தமிழ் பயின்றவள். ஆகலின், எம் சொல்லில் ஒருபாற் கோடுதல் உண்டோவென நீங்கள் ஐயுறுதல் தகும். அதனை மறையாது முதற்கண்ணே கூறிவிட்டோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவள் எம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து எமக்குப் பாடம் சொன்னாள். கற்பித்தவர் கற்பவராயினார். அவளிடம் கேட்டனவும், பின்னர் நூல்களிற் கண்டனவும் சேர்த்து ஈண்டுக் கூறுகின்றோம்.

முதலில் எலும்பு என்பது யாது என்று காண்போம். வளர்ந்த மனிதன் உடலில் 206 எலும்புகள் உள்ளன. இவற்றைப் பலரும் கல்லைப்போன்ற உயிரற்ற பொருளென்று எண்ணுகின்றனர். அஃது அன்று. எலும்பு இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று சுண்ணாம்புச் சத்தும் பாசுபரமும் கலந்த உப்பு. மற்றொன்று கொலாசன் என்னும் புரதத்தாலாகிய நார். உப்பு எலும்பிற்குக் கடினத்தைத் தருவது. நார் துவட்சியைத் தருவது. இதனை உங்கள் வீட்டு அடுக்களையிலேயே சோதிக்கலாம். கோழியின் காலெலும்பை வினிகர் என்னும் காடியில் சில நாள் ஊறவைத்தால், உப்புக் கரைந்து போக, எலும்பு வளையும் தன்மையதாகும். மற்றோர் எலும்பை நெருப்பிலிட்டுச் சுட்டால், நார் எரிந்து போக, கையாற் பிசைய நொறுங்கும். இரண்டும் கூடியிருக்குங்காறுமே எலும்பு எலும்பாகும்.

உலைக்களத்து மரபினர்க்கு இதை விரித்துரைத்தல் வேண்டா. வார்ப்பிரும்பு கடினமானது, ஆயினும் சம்மட்டியடிக்கு உடைந்து போகும். உருக்கைப் பழுக்கக் காய்ச்சி நீரிற்றோய்த்தால் கடினம் மிகும். உடன் நொறுங்குதலும் மிகும். மீண்டும் மிதமாகச் சூடேற்றித் தணித்தாலன்றி உளி உளியாகாது. கடினம் வேறு, உறுதி வேறு என்னும் இவ்வுண்மையை நம் பாட்டன்மார் தோய்ச்சற்றொட்டியின் அருகே நின்று கற்றனர். இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இவ்வுரையின் முடிவில் இஃது மீண்டும் தேவைப்படும்.

எலும்பின் நாராகிய அக்கொலாசனே தோலுக்கும் நாராவது. நம் திண்டுக்கல் நெடுங்காலமாகப் பூட்டிற்கும் புகையிலைக்கும் பெயர் பெற்றதுபோலத் தோல் பதனிடுதலுக்கும் பெயர் பெற்ற ஊர். இங்குள்ள பதனிடுசாலைகளிற் கிடந்த தோல்களில் ஊடாடிய நாரின் நுண்ணிய அமைப்பை உலகிற்கு முதலில் தெளியக் காட்டியவர் நம் சென்னையிலேயே இருந்தனர். 1954ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்து இயற்பியற் பேராசிரியர் கோ. நா. இராமச்சந்திரன் என்பார், கோபிநாத் கர்த்தா என்பாருடன் கூடி, கொலாசன் மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிய கயிறு போன்றது என்று கண்டு வெளியிட்டார். சென்னையிலுள்ள நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் அளித்த கங்காருவின் வாற்றசைநாரும் அவ்வாய்வுக்குப் பயன்பட்டது. மூன்று புரி முறுக்கிய கயிறு ஒற்றைப் புரியினும் வலிதென்பது ஏற்றம் இறைக்கும் உழவர் அறிந்தது. நம் எலும்பினுள்ளும் அக்கயிறே ஓடுகின்றது.

இனி, எலும்பு முறிதலைக் கணக்கிடலாகும் என்னும் எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. 1638ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுக் கலிலியோ தம் நூலொன்றில் இதனை ஆராய்ந்தார். ஓர் உயிரின் உயரமும் அகலமும் கனமும் இருமடங்கானால் அதன் எடை எண்மடங்காகும்; ஆனால் அதனைத் தாங்கும் எலும்பின் வெட்டுமுகப் பரப்போ நான்மடங்கே ஆகும். ஆதலின், யானையின் கால் மானின் காலைப் பெருக்கி வைத்தது போன்றிராது, விகிதத்தினும் பருத்திருத்தல் வேண்டும் என்று அவர் காட்டினார்.

1866ஆம் ஆண்டளவில் சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச்சு நகரில் ஒரு நிகழ்ச்சி. உடற்கூற்றறிஞராகிய மேயர் என்பார், தொடையெலும்பின் மேற்பகுதியை நெடுக்காகப் பிளந்து, அதனுள்ளே மெல்லிய எலும்புத் தகடுகள் வளைந்து வளைந்து செல்லும் ஒழுங்கைக் காட்டிக்கொண்டிருந்தார். அதனைக் கண்ட குல்மன் என்னும் பொறியியற் பேராசிரியர் வியப்புற்றார். வளைந்த பாரந்தூக்கி ஒன்றினுள் பாரம் பரவும் நெறியைக் குறித்து அவர் வரைந்திருந்த கோடுகளும் இத்தகடுகள் செல்லும் நெறியும் ஒத்திருந்தன. பின்னர், 1892இல் செருமனி நாட்டு மருத்துவர் சூலியசு உல்ஃபு, தாங்கும் பாரத்திற்கேற்ப எலும்பு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று ஒரு நூல் எழுதினார். உலைக்களத்தில் ஐம்பதாண்டு சம்மட்டி பிடித்தவரது வலக்கை எலும்பு தடித்திருப்பதும், படுக்கையிற் கிடந்தவரது காலெலும்பு மெலிவதும் இதனாலாவன. கல்லை எடுத்து மாளிகை கட்டியவன் பின்னர் அதனைத் திருத்துவதில்லை; எலும்போ நாள்தோறும் தன்னைச் சிறிது இடித்துச் சிறிது கட்டுகின்றது. இளமையிற் கட்டுதல் மிகும். முதுமையில், அதிலும் மகளிர்க்கு மாதவிலக்கு நின்ற பின்னர், இடித்தல் மிகும்.

நம் நாட்டவர் பங்கும் இத்துறையில் உண்டு. 1970ஆம் ஆண்டில் மன்மோகன் சிங், நாகரத், மைனி என்னும் இந்திய மருத்துவர் மூவர், இடுப்பின் எக்ஸ்ரே படத்தில் தொடையெலும்பின் அத்தகடுகள் எவ்வரிசையில் மறைகின்றன என்று கண்டு, எலும்பு நலிவை ஆறு படிகளாக வகுத்தனர். இம்மன்மோகன் சிங் பிரதமராயிருந்தவர் அல்லர், மருத்துவர். விலையுயர்ந்த கருவி யாதுமின்றி, ஒரு படமும் தேர்ந்த கண்ணும் இருந்தாலே போதும் என்பது அம்முறையின் சிறப்பு. காண்பவர் கண்ணுக்குக் கண் படிவேறுபடும் என்பது அதன் குறை. அக்குறையைப் போக்குதற்கே எண் தேவைப்பட்டது.

நிற்க. முறியாத எலும்பை எவ்வாறு கணக்கிட்டு முறிப்பது? இதனை அம்மாணவி முதலில் கூறியபொழுது எமக்கு விளங்கவில்லை. மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, “ஐயா, தாங்கள் வெண்பாவை அலகிட்டு வாய்பாடு சொல்லிக் கொடுப்பீர்களே, அதுதான் இது” என்றாள். விளங்கிவிட்டது.

ஒரு வெண்பா பிழையுடையதா அன்றா என்று முழுப்பாட்டையும் ஒருசேர நோக்கிச் சொல்ல இயலாது. அடியாகப் பிரித்து, சீராகப் பிரித்து, அசையாகப் பிரித்து, ஒவ்வொரு சீரும் தன் அடுத்த சீரோடு எவ்வாறு தளைகின்றது என்று பார்க்கின்றோம். சீர்கள் சிறியவை, அவற்றின் இயல்பு அறிந்ததே. தளைவிதியும் அறிந்ததே. எல்லாத் தளைகளையும் பார்த்து முடித்தால் முழுப்பாட்டின் நிலை தானே வெளிப்படும். ஓரிடத்தில் தளை தட்டினால் வெண்பா அவ்விடத்தில் உடைந்தது என்போம். இவர்கள் செய்வதும் இஃதே. எலும்பின் உருவைப் பல இலட்சம் சிறுகூறுகளாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு கூறும் தன் அண்டைக் கூற்றோடு முடிச்சுப் புள்ளிகளில் இணைந்திருக்கின்றது. ஒரு கூறு அழுந்தினால் அண்டைக் கூறும் அதற்கிசைய நகர்தல் வேண்டும். பிளவும் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறுதலும் கூடாது. இவ்விணைப்பு விதிகள் அனைத்தும் சமன்பாடுகளாகின்றன. இலட்சக்கணக்கான அச்சமன்பாடுகளை ஒருங்கே தீர்ப்பதற்கு மனித ஆயுள் போதாது; கணினி அதனைச் செய்து தருகின்றது. இம்முறைக்கு வரம்புறு கூறுகள் முறை என்று தமிழிற் பெயரிட்டிருக்கின்றனர். 1950களில் ஆகாயவிமானத்தின் இறக்கை எவ்வளவு காற்றைத் தாங்கும் என்று காண்பதற்கு வளர்ந்த இம்முறையை, 1972இல் ஆலந்து நாட்டவராகிய பிரெக்கல்மன்சு முதலிய மூவர் எலும்பின்மீது செலுத்தினர். அஃது முதல் உலகெங்கும் எண்ணிறந்த முனைவர் பட்ட ஆய்வுகள் இத்துறையில் எழுந்துள்ளன.

அற்றேல், உயிரோடிருப்பவரது எலும்பின் உருவம் கணினிக்கு எவ்வாறு கிடைக்கும் என்பீராயின், அதற்கு விடை சி.டி. ஸ்கேன் என்னும் குறுக்குவெட்டுப் படமாகும். 1971 அக்டோபரில் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஆங்கில அறிஞர் ஆன்சுபீல்டின் கருவியால் இப்படம் எடுக்கப்பட்டது. உடலைச் சுற்றிப் பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களைக் கூட்டி, உள்ளிருக்கும் உருவை மீட்டெடுப்பது இதன் நுட்பம். அவ்வாறு மீட்டெடுத்தற்குரிய விரைவான கணிதவழி ஒன்றை அதே 1971இல் வெளியிட்டவர் யாவர் தெரியுமோ? முன்னர்க் கூறிய இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனுமே ஆவர். எலும்பின் நாரைக் காட்டியவரே, எலும்பின் படத்தைக் கணக்கிடும் வழியையும் காட்டினார். அவ்விருவர் பெயரால் வழங்கும் வடிகணிதம் இன்றும் அத்துறை நூல்களில் உள்ளது. தோல் நாரை ஆராயும் ஓர் இளைஞனுக்குப் பணம் எதற்கு என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால், அதற்கும் குழுவினர் நகைத்திருப்பர்.

படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் எலும்பின் அடர்த்தி எவ்வளவு என்பது எண்ணாகக் கிடைக்கின்றது. அடர்த்தி மிக்க இடம் விறைப்பானது, குறைந்த இடம் நெகிழ்வானது என்று ஒரு விதியால் ஒவ்வொரு கூற்றுக்கும் வன்மை குறிக்கின்றனர். வெளிப்புறத்துச் செறிந்த எலும்பு விறைப்பில் உருக்கில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. எடையிலோ உருக்கினும் மிக இலேசானது. அமுக்கத்தைத் தாங்குமளவு இழுப்பைத் தாங்காது. இவற்றையெல்லாம் இட்டபின்னர், ஒருவர் பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பின் புறத்தே எவ்வாறு அடிபடுமோ அவ்வாறே கணினியில் பாரத்தை ஏற்றுகின்றனர். எந்தக் கூறு முதலில் தன் எல்லையைக் கடக்கின்றது, எப்பாரத்தில் முறிவு தொடங்குகின்றது என்பது தெரிகின்றது. இக்கணக்கு உண்மையா என்று அறிதற்கு, மருத்துவக் கல்விக்கு உடலீந்தோரது எலும்புகளைப் படமெடுத்து, முதலில் கணினியில் முறித்து, பின்னர் அவற்றையே சோதனைப் பொறியில் முறித்து, இரண்டையும் ஒப்பிட்டனர். 1990களில் அமெரிக்காவில் கேயாக் என்னும் அம்மையார் முதலியோர் செய்த ஒப்பீடுகளில் இரண்டும் பெரிதும் ஒத்துவந்தன. தளை பார்த்துச் சொன்ன தீர்ப்பும் காது கேட்டுச் சொன்ன தீர்ப்பும் ஒத்தாற்போன்றது அது.

இதற்கு இத்துணைப் பாடு எதற்கு? எலும்படர்த்திச் சோதனை ஒன்று மருத்துவமனைகளில் உள்ளதே என்று கேட்கலாம். உண்மை. 1994இல் உலக சுகாதார நிறுவனத்தார் ஓர் அளவு வகுத்தனர். நலமுடைய இளம்பெண்களது சராசரி அடர்த்தியினின்று இரண்டரைத் திட்டவிலக்கமோ அதனின் மிகையோ குறைந்தால் அது எலும்புப்புரை நோய் என்பது அவ்வளவு. 2008இல் இங்கிலாந்தின் செபீல்டு பல்கலைக்கழகத்தார், வயது, எடை, முன்னர் முறிந்ததுண்டா, பெற்றோர்க்கு இடுப்பெலும்பு முறிந்ததுண்டா, புகைப்பழக்கம் உண்டா என்பனவற்றையும் சேர்த்து, அடுத்த பத்தாண்டில் முறிவு நேரும் வாய்ப்பைக் கணக்கிடும் கருவி ஒன்றைத் தந்தனர். இவை பயனுடையவை, ஐயமில்லை. ஆயினும், எலும்பு முறிந்து வருவோரில் பெரும்பகுதியினர்க்கு அடர்த்தி அவ்வெல்லைக்குக் கீழே இருப்பதில்லை என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அடர்த்தி என்பது எவ்வளவு பொருள் உள்ளது என்று கூறும். அப்பொருள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது, எத்தன்மையது என்று கூறாது. இருப்பில் எத்தனை மூட்டை சிமிட்டி உள்ளது என்று கேட்டுக் கட்டடத்தின் உறுதியைச் சொல்ல இயலுமோ?

இப்பொழுது எம் இரண்டாம் காரணத்திற்கு வருகின்றோம்.

எம் அன்னையார் இவ்வூருக்கு வடக்கே, வானம் பார்த்த நிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஐம்பதாண்டு வாழ்ந்தவர். அவ்வூர்க் கிணற்றுநீரே அவர் குடித்த நீர். பல்லிற் பழுப்புக் கோடுகள் அவ்வூரில் பிறந்து வளர்ந்தோர் பலர்க்கும் உண்டு, எமக்கும் உண்டு. அஃது ஊர்வாகு என்றே நினைத்திருந்தோம். அன்னையாருக்கு முதுகு விறைத்து, குனிய இயலாது வருந்தியபொழுது, மருத்துவமனை ஒன்றில் எலும்படர்த்தி பார்த்தோம். “அடர்த்தி மிக நன்றாக உள்ளது, இந்த வயதில் இப்படியொரு எலும்பா!” என்றார்கள். யாம் மகிழ்ந்தோம். மகிழ்ந்தமையால் கவலை ஒழிந்தோம். கவலை ஒழிந்தமையால் காவல் ஒழிந்தோம். ஏழாம் திங்களில், கொல்லைப்புறத்து இரண்டே படியினின்று சறுக்கிப் பக்கவாட்டில் விழுந்தார். இடுப்பு. உறவினர் கூடி எண்ணெய் தேய்த்துக் கட்டு வைத்தனர், யாமும் உடன்பட்டோம். ஒன்பது நாள் கழித்தே எக்ஸ்ரே எடுத்தோம். தொடையெலும்பின் கழுத்து முறிந்திருந்தது. அறுவை நடந்தது, இன்று கோலூன்றி நடக்கின்றார். “அப்போதே கூட்டிப்போயிருக்கலாமேடா” என்று ஒரேயொரு முறை கூறினார், பின்னர்க் கூறவில்லை. கூறாமையே எம்மை வருத்துகின்றது. இதில் பிறர்மேல் யாம் குறை கூறோம்; அறியாமை எம்முடையது, தாமதமும் எம்முடையது.

அந்நீரில் இருந்தது புளோரைடு என்னும் உப்பு. நம் மாவட்டத்து நிலத்தடிநீரில் சிற்சில வட்டாரங்களில் அது மிகுந்திருப்பது அறிஞர் ஆய்ந்து கண்டது. இந்திய நாட்டளவு குடிநீர் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமே தக்கதென்றும், வேறு நீர் கிடையாவிடத்து 1.5 வரை பொறுக்கலாமென்றும் கூறுகின்றது. மிகுந்தால் முதலில் பல் பழுக்கும். பின்னர் எலும்பைப் பற்றும். எலும்பைப் பற்றும் இந்நோய் நம் நாட்டில் முதன்முதல் விளக்கமாக எழுதப்பட்டது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில். நோயாளிகளது எக்ஸ்ரே படங்களில் எலும்பு வெண்மை மிக்கு, அடர்ந்து தோன்றும். புளோரைடு எலும்பின் உப்பிலே புகுந்து அதன் இயல்பை மாற்றி அடர்த்தியை மிகுவிக்கும்; உறுதியையோ குறைக்கலாம். தோய்த்து, தணியாத உருக்கை நினைவு கூருங்கள்!

இதற்குச் சான்று வேறோரிடத்திலும் உண்டு. புளோரைடு அடர்த்தியை மிகுவிக்கின்றதே, அதனையே மருந்தாக்கினால் என்ன என்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரிக்சு முதலியோர் எலும்புப்புரையுடைய 202 பெண்டிரிடம் நான்காண்டு சோதித்து 1990இல் வெளியிட்டனர். மருந்து உண்டோர்க்கு முதுகெலும்பின் அடர்த்தி நூற்றுக்கு 35 பங்கு உயர்ந்தது. ஆனால் முதுகெலும்பு முறிதல் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை; பிறவெலும்புகள் முறிதலோ மிகுந்தது. எண் உயர்ந்தது, எலும்பு உயரவில்லை. எம் அன்னையாரது முறிவிற்கு நீர்தான் காரணமென்று துணிந்து கூறோம், முதுமையும் உண்டு. ஆயினும், ‘அடர்த்தி நன்று’ என்ற ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு உறங்கினோம் என்பது மட்டும் துணிவு.

அம்மாணவி இதனைக் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு, “ஐயா, எங்கள் கணக்கும் அடர்த்தியை வைத்தே வன்மையைக் குறிக்கின்றது. அவ்விதி புளோரைடு ஏறாத எலும்பைக் கொண்டு கண்டது. நம் ஊர்ப் பாட்டிமார் எலும்பை அதில் இட்டால், கணினியும் ‘நன்று’ என்றே பொய் சொல்லும். அவ்விதியைத் திருத்துவதுதான் என் ஆய்வாக இருத்தல் வேண்டும்” என்றாள். பெரியோர்களே! கற்ற கருவியின் பெருமையைக் கூறுவார் பலர். அது பிழைக்கும் இடத்தைக் கூறுவாரே ஆராய்ச்சியாளர். யாம் அவளுக்குப் பரிந்து பேசத் துணிந்தது அன்றைக்கே.

இவ்வாராய்ச்சி நாளையே நம் வீட்டுப் படிக்கட்டில் வந்து காவல் நிற்கும் என்று யாம் பொய்யுரை பகரோம். சி.டி. படத்திற்குச் செலவு உண்டு. கதிரும் உடலிற் படும். ஆதலின் யாவர்க்கும் எடுத்தல் தகாது. வேறு காரணம் பற்றி எடுத்த படத்தையே இதற்கும் பயன்படுத்தலாகும் என்பதுதான் இதன் நயம். கணினியின் விடையும் நாம் இட்டதற்கேற்பவே வரும்; உலையிற் பெய்தது எதுவோ அதுவே வார்ப்பில் வரும் என்பது நமக்குத் தெரியாததன்று. இவ்விதிகளிற் பெரும்பாலன அயல்நாட்டவர் எலும்பைக் கொண்டு கண்டவை. நம் மக்கள் உடலளவும் உணவும் நீரும் தொழிலும் வேறு. நம்மவர் ஒருவர் உள்ளே புகுந்து அளந்தாலன்றி நம் எலும்பின் கணக்கு எவர் நூலிலும் ஏறாது.

இனி, கட்டு வைத்தியரைப்பற்றி ஒரு சொல். அவர்களை இகழ்தல் எம் கருத்தன்று. கையெலும்பு சிறிது பிளந்தவிடத்து, அசையாது கட்டி நலம்பெற்றவர் நம்மிலே பலர். இடுப்பு முறிவு அவ்வகையினதன்று. தொடையெலும்பின் கழுத்து முறிந்தால் அதன் தலைக்குச் செல்லும் குருதியோட்டம் அறுபடக்கூடும். கிடந்த முதியோர்க்குச் சளியும் படுக்கைப்புண்ணும் பற்றும். இரண்டு நாளுக்குள் அறுவை செய்தல் நன்று என்பது மருத்துவர் பொதுக்கொள்கை. நம் மாவட்டத் தலைநகரிலேயே 2022ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. மதுரைக்கு ஓடவேண்டியிருந்த காலமும் கழிந்தது. முதியோர் விழுந்து, எழுந்து நிற்க இயலாது, ஒரு கால் குறுகிப் புறமாகத் திரும்பியிருப்பக் கண்டால், எண்ணெய்ச் சட்டியைத் தேடாதீர், வண்டியைத் தேடுங்கள்.

இவற்றைக் கூறி, சங்கத்தார்முன் வைக்கும் வேண்டுகோள் நான்கு.

முதலாவது, நம் உறுப்பினர் வாழும் சிற்றூர்களில், ஆழ்துளைக் கிணற்றுநீர் குடிப்போர் அதனைக் குடிநீர் வாரியத்தின் சோதனைக்கூடத்தில் கொடுத்து அளந்தறிதல் வேண்டும். ஆத்தூர்க் காமராசர் அணைநீரோ காவிரிக் கூட்டுக்குடிநீரோ வருமிடத்தில் அதனையே குடிக்கவும் சமைக்கவும் கொள்ளுக. காய்ச்சுவதனால் புளோரைடு நீங்காது என்பதைத் தாய்மார்கள் கருத்திற்கொள்க. அதனை நீக்கும் பொருள்களைப்பற்றி அண்மையிலுள்ள காந்திகிராமத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நடந்துவருகின்றது. நம் இளைஞர் சென்று கேட்டறியலாம்.

இரண்டாவது, ஐம்பது வயது கடந்த மகளிர் கேழ்வரகு, எள், கீரை, பால், மோர் இவற்றைத் தம் பிள்ளைகளுக்கு இட்டு மிச்சத்தை உண்ணாது, தாமும் நிறைய உண்க, வெயிலிற் சிறிது நிற்க, நாள்தோறும் நடக்க. பாரம் தாங்காத எலும்பு தன்னைத் தான் இடித்துக்கொள்ளும் என்று முன்னரே கூறினோம். கொல்லைப்படியிற் பிடிக்கம்பி வைத்தல் நம் மரபினர்க்கு ஒரு நாழிகை வேலை. ஊரெல்லாம் கம்பிக்கதவு செய்து கொடுக்கும் நம் வீட்டில் அன்னைக்கு ஒரு கம்பி இல்லை என்பது எமக்கு நேர்ந்த இழுக்கு. உங்களுக்கு நேர வேண்டா.

மூன்றாவது, மருத்துவமனையில் எடுத்த சி.டி. படங்கள் உங்கள் வீட்டில் இருக்குமாயின், உரியவர் இசைவு பெற்று, பெயர் நீக்கி, ஆய்வுக்குத் தருக. எம் அன்னையார் தம் படத்தைத் தர இசைந்துவிட்டார். “என் எலும்புதான் முறிஞ்சுபோச்சு, பெட்டிக்குள்ள இன்னும் பத்துத்தடவ முறிச்சுக்கட்டும், நாலு பேருக்கு முறியாம இருந்தாச் சரி” என்றார்.

நான்காவது, அப்பெண்ணின் விண்ணப்பம். பல்கலைக்கழக உதவித்தொகை அவளுக்குக் கிட்டவில்லை. தந்தையார் பூட்டுப்பட்டறையில் நாட்கூலி வாங்குபவர். எம் பங்காக ஒரு திங்கள் ஊதியத்தைக் கல்விநிதிக்கு இன்றே எழுதிக்கொடுத்துவிட்டோம். மண்டபத்துக் கூரை ஒழுகுகின்றது என்னும் பெரியவர் சொல்லும் மெய், அதனையும் மறந்திலேம். ஆயின், கூரை ஒழுகுவது கண்ணுக்குத் தெரிகின்றது. மழைக்கு முன் ஓரிளைஞர் ஏறித் திருத்துவர். நம் தாய்மாரது எலும்பு உள்ளே நலிவது கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியச் செய்வதற்கே அப்பெண் நம் வாயிலில் வந்து நிற்கின்றாள்.

முறியாத எலும்பைப் பெட்டிக்குள் முறித்துப் பார்ப்பதற்கு நம் பணமா என்று கேட்டார் அப்பெரியவர். ஆம், ஐயா, பெட்டிக்குள் முறிந்தால் வீட்டில் முறியாது காக்கலாம் என்பதற்காகவே. குழுவினர் நல்லது துணிக.